டெகாவின் பூவாளியும் நம் தட்டுக்கழியும்

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1877-ல் வரைந்த ஒரு படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரோரக் கம்பியில் இரண்டு பெண்கள் காலைத் தூக்கிப் பழகுகிறார்கள். அவர்களைவிட்டு விலகி, வெறும் தரையில் ஒரு பூவாளி. பாலே கூடத்தில் பூவாளிக்கு என்ன வேலை? மரத்தரையில் தூசி கிளம்பாமல் இருக்க அந்தக் காலத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், அதற்காக வைத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் பூவாளியின் நீண்ட மூக்கு நீட்டிய காலாகவும், கைப்பிடி வளைந்த கையாகவும் தெரிய ஆரம்பிக்கும். ஆடும் உடம்பின் வடிவத்தை ஒரு தகரச் சாமானில் கண்டுபிடிக்க, அந்தக் கூடத்தை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்!

டெகா (1834–1917) நாட்டியத்தைச் சுற்றி வரைந்தது, அச்சிட்டது, மெழுகில் பிடித்தது எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 1,500 வரும் என்பார்கள். மேடை வெளிச்சத்தில் சிறகு விரித்தாற்போல் ஆடும் பெண்களும் அவற்றில் உண்டு. ஆனால் மனதில் நிற்பவை வேறு: முதுகைச் சொறிகிறவள், தோள்பட்டை நாடாவைச் சரிசெய்கிறவள், கால் கடுத்துப் பெஞ்சில் சரிந்தவள், குடையோடு காத்திருக்கும் அம்மா. பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘நடன வகுப்பு’ படத்தின் நடுவில் நிற்பவர் ழூல் பெரோ என்ற வயதான ஆசிரியர். கையில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு தடி. அதைத் தரையில் தட்டித்தான் தாளம் சொல்வார்கள். நம் நாட்டிய வகுப்பில் தாளம் தட்டும் தட்டுக்கழியைப் பார்த்த யாருக்கும் அந்தத் தடியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொரு விஷயம் முக்கியம். அதில் தெரியும் கூடம் பாரிஸின் பழைய ஆபெரா அரங்கக் கட்டடத்தைச் சேர்ந்தது. அது 1873 அக்டோபரில் எரிந்துபோனது. டெகா அந்த வகுப்புப் படங்களைத் தீட்டி முடிக்கும்போது கூடமே கிடையாது. தனித்தனித் தாள்களில் சேர்த்து வைத்திருந்த உருவங்களை எடுத்து, இல்லாத ஓர் அறையில் அடுக்கியிருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் சட்டென்று பிடித்ததுபோல் தெரிவது முழுக்க மேஜையில் கட்டியது. வகுப்பில் சேர்ப்பது, வீட்டில் கட்டுவது: அவருடைய வேலைமுறை இந்த இரண்டு பாதிதான். பரதநாட்டியத்தை வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் கட்சி.

நம்மிடம் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முழு அலங்காரம், தலைசாமான், தூக்கிய திருவடி, ஒரு புன்னகை என்று நேரே அரங்கேற்ற அழைப்பிதழ்ப் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். நகை எல்லாம் எண்ணி வைத்தாற்போல் வந்துவிடும். உடம்பு மட்டும் காலண்டரில் தொங்கும். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று அந்த போட்டோவும் சொல்லாது, ஓவியருக்கும் தெரியாது.

ஆகவே முதலில் வகுப்பு. டீச்சரிடமும், குழந்தைகள் என்றால் பெற்றோரிடமும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். போன் எடுக்க மாட்டேன், பென்சில் மட்டும்தான் என்று சொன்னால் பாதித் தயக்கம் போய்விடும். ஏ3 நியூஸ்பிரிண்ட் ஒரு கட்டு, பின்னால் ஒரு கெட்டி அட்டை, இரண்டு கிளிப், 4பி பென்சில், மென்மையான கரிக்குச்சி ஐந்தாறு போதும். ரப்பர் வேண்டாம். இருந்தால் கை அதற்குத்தான் போகும். அதற்குள் ஆட்டம் நாலு அடவு (காலும் கையும் சேர்ந்த அடிப்படை அசைவு) தாண்டியிருக்கும்.

எங்கே உட்காருவது என்பதை வந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தரையில் சம்மணம் போட்டால் உங்கள் கண்மட்டம் சுமார் 75 செ.மீ. எதிரே 160 செ.மீ. உயரப் பெண் நேரே நின்றால் அந்த மட்டம் அவள் தொடையின் மேல்பகுதியை வெட்டும். அரைமண்டியில், அதாவது முட்டிகளை இரு பக்கமும் விரித்துப் பாதி உட்கார்ந்தால், அடிவயிற்றை வெட்டும். அவள் கிட்டே இருந்தாலும் கடைசி வரிசையில் இருந்தாலும் அதே இடம்தான். தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதே உயரத்தில் உள்ள எல்லாருடைய அடிவயிற்றையும் அந்தக் கோட்டில் உட்கார வைத்தால் தரை தானாக விழும். நாற்காலியில் இருந்துகொண்டு பாதியையும், கால் மரத்துப்போய் எழுந்து நின்று மீதியையும் வரைந்தால் இரண்டு கண்மட்டம் கலந்து, பின்வரிசை மிதக்கும். டெகா தன் குறிப்பேட்டில், ஸ்டுடியோவைச் சுற்றிப் படிப்படியாக மேடை கட்டி, மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே உருவத்தை வரைந்து பழக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். கண்மட்டத்தை அவர் தற்செயலுக்கு விட்டதில்லை.

முதல் பத்து நிமிஷம் எதையும் வரையாமல் பாருங்கள். பிறகு ஓர் உருவத்துக்கு 30 விநாடி என்று இருபது உருவம். இதில் முகம் இல்லை, விரல் இல்லை. கழுத்துக்குழியில் ஒரு புள்ளி, அங்கிருந்து தரைக்கு ஒரு தூக்குநூல் கோடு, அந்தக் கோடு எந்தக் காலுக்கு வருகிறது என்பது மட்டும். இரு கால் அரைமண்டியில் அது இரண்டு குதிகாலுக்கும் நடுவில் விழும். ஒரு காலைத் தூக்கிய நிலையில் ஊன்றிய பாதத்தின்மேல் விழ வேண்டும். பாதத்துக்கு வெளியே விழுந்தால் ஒன்று அவள் அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கிறாள், அல்லது நீங்கள் தப்பாக வரைந்திருக்கிறீர்கள்.

நாட்டிய வகுப்பு ஓவியருக்குக் கொடுக்கும் பெரிய கொடை, திரும்பத் திரும்ப வருவது. ஓர் அடவை வலப்பக்கம் செய்தால் இடப்பக்கமும் செய்வார்கள். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் இரட்டித்துக்கொண்டே போகும். முதல் காலத்தில் தோளையும் இடுப்பையும் பிடியுங்கள். இரண்டாம் காலத்தில் கை. மூன்றாம் காலத்தில் வரைய முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். அப்போது எந்தக் கோடு மாறாமல் இருக்கிறது என்று மட்டும் பார்த்து அதை அழுத்தி விடுங்கள். வலப்பக்கம் தவறவிட்டதை இடப்பக்கம் வரும்போது கண்ணாடிப் பிம்பமாக முடித்துக்கொள்ளலாம். கச்சேரியின் தொடக்க உருப்படியான அலாரிப்பும் இப்படித்தான்: கண், கழுத்து, தோள் என்று தொடங்கி, நிமிர்ந்த நிலையிலிருந்து அரைமண்டி, முழுமண்டி என்று இறங்கும். ஒவ்வொன்றும் இரு பக்கமும் வரும். சபாவில் முதன்முதலாக வரைய உட்காருகிறவர்களுக்கு அலாரிப்பை விட்டால் அடுத்து இவ்வளவு தயவான உருப்படி இல்லை. கடைசியில் வேகமாக வரும் தில்லானாவை நம்பி உட்கார்ந்தால் தாள் நிறையக் கிறுக்கல்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு தாளிலும் அடவின் பெயரையும் சொல்லையும் எழுதிவையுங்கள்: ‘தட்டடவு 3, தெய்யா தெய், வலது கால் தூக்கியது’. டெகாவின் பயிற்சித் தாள்கள் சிலவற்றில் உருவத்துக்குப் பக்கத்தில் அசைவின் பெயர் இருக்கும். இது அழகுக்கு எழுதியதல்ல. ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை எடுக்கும்போது கால் மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல் எழுதியிருந்தால் அடவைத் தெரிந்தவர் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எந்தக் கணத்தை வரைவது? ‘முடிந்த நிலை’ என்பதே எல்லாருக்கும் முதலில் தோன்றும். கை நீட்டியாயிற்று, கால் தட்டியாயிற்று, தலை சாய்ந்தாயிற்று. அப்படி வரைந்தால் பெரும்பாலும் சிலைதான் கிடைக்கும், அதுவும் மோசமான சிலை. நல்ல சிற்பி அந்தத் தவறைச் செய்யவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் மேல்தளத்துச் சுற்றில், நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. கரணம் என்பது அசையாத நிலை அன்று, ஓர் அசைவு முழுவதும் என்பது நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தன் ஆய்வில் நிறுவ முயன்றது. அந்தக் கண்ணோடு பார்த்தால் சில கற்களில் உடம்பு போய்க்கொண்டே இருப்பது தெரியும். தட்டடவில் அப்படி ஒரு கணம் இருக்கிறது: பாதம் பின்னால் மேலே தூக்கி, இன்னும் தட்டவில்லை, ஆனால் எடை முழுதும் மற்றக் காலுக்குப் போய்விட்டது. அங்கே ஊன்றிய காலின் தொடைத் தசை இறுகும், அந்தப் பக்க இடுப்பு மயிரிழை நகரும். அதைப் பிடித்தால் அடுத்த தட்டு பார்ப்பவர் காதில் விழும்.

அதே தட்டடவில் இன்னொரு கண்ணி. கால் மாறும்போது தலை ஏறி இறங்கக் கூடாது என்று டீச்சர் கத்திக்கொண்டே இருப்பார். வரைகிறவருக்கும் அதே சட்டம். ஒரே உயரமுள்ள மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக ஆடுவதை வரைந்தால், கால்கள் வெவ்வேறு இடத்தில் இருந்தாலும் உச்சந்தலைகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கால் தூக்கியவளை ஒரு விரல் உயர்த்திப் போட்டுவிட்டால் அவள் குதிக்கிறாள் என்று ஆகிவிடும். குதித்து மெட்டடவு என்றால் வேறு கணக்கு: முன்பாதத்தில் இறங்கி, பிறகு குதிகால் தட்டும். அந்த இடைக்கணத்தில் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கீற்று நிழலை விடுங்கள். நிழல் இல்லையென்றால் பாதம் தட்டையாக ஊன்றியதாகவே கண் எடுத்துக்கொள்ளும்.

இப்போது அரைமண்டி. இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் இது தப்பினால் மேலே எத்தனை நகை போட்டாலும் தேறாது. நின்றால் ஏழரைத் தலை உயரம் உள்ள உடம்பு நல்ல அரைமண்டியில் சுமார் ஒரு தலை குறையும். 160 செ.மீ. பெண்ணுக்கு ஒரு தலை என்பது 21 செ.மீ., ஆக உச்சந்தலை 140 செ.மீ. பக்கம் வந்து நிற்கும். முட்டிகள் தரையிலிருந்து ஒன்றரைத் தலை உயரத்தில். இரண்டு முட்டிக்கும் இடையே இரண்டே முக்கால் தலை, அதாவது தோளைவிட ஒவ்வொரு பக்கமும் சுமார் அரைத் தலை வெளியே. இது நன்றாகத் திறந்த இடுப்புள்ளவருக்கு உள்ள கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். இதை அச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணால் பார்த்ததை இந்த அளவோடு ஒப்பிட்டு, எங்கே விலகுகிறது என்று கேட்டுக்கொள்ளத்தான்.

என்ன தப்பாகும்? முதலாவது, இடுப்பை உயர்த்திவிடுவார்கள். நின்ற உருவத்தை வரைந்து பழகிய கைக்கு இடுப்பை இவ்வளவு கீழே வைக்க மனசு வராது. விளைவு, முழங்கால் லேசாக மடங்கிய, சோர்ந்த உருவம். இரண்டாவது, தொடையைச் சுருக்கிவிடுவார்கள். நேர் முன்னாலிருந்து பார்க்கும்போது முட்டி பக்கவாட்டில் திறந்திருப்பதால் தொடை ஏறக்குறைய முழு நீளத்துக்குத் தெரியும். அதைக் குட்டையாகப் போட்டால் முட்டி நம்மை நோக்கி வருகிறது என்று கண் படிக்கும், அவள் நாற்காலியில் உட்கார்ந்தவள் ஆகிவிடுவாள். மூன்றாவது, முதுகை வளைத்துப் பின்பக்கத்தைத் தள்ளிவிடுவது. இதற்குச் சுலபமான சோதனை: இரண்டு காலுக்கும் நடுவே அடைபடும் வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் தனியாகத் தாளில் வெட்டி எடுங்கள். சாய்சதுரமாக, இரு பாதியும் ஒத்து இருக்க வேண்டும். ஆள் எப்படி இருக்கிறாள் என்பதைவிட இந்த ஓட்டை எப்படி இருக்கிறது என்று பார்ப்பது எளிது. வகுப்பில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அரைமண்டி கால்வாசிதான் வந்திருக்கும். அதைத் திருத்தி வரையாதீர்கள். அந்தக் கால்வாசி மண்டியும் துருத்திய நாக்கும்தான் படம்.

டெகா மெழுகில் உருவம் பிடித்ததைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1881-ல் காட்சிக்கு வைத்த ‘பதினான்கு வயதுச் சிறு நாட்டியக்காரி’ ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். நிஜத் துணிப்பாவாடை, ரவிக்கை, நிஜ முடி, பட்டு நாடா. மாரி வான் கோதம் என்ற பெண் அதற்கு மாடல். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது உள்ளே கம்பி, கயிறோடு பழைய பிரஷ் காம்புகள்கூட இருந்தன. டெகா உயிரோடு இருக்கும்போது காட்சிக்கு வைத்த ஒரே சிற்பம் அதுதான். மற்றவை எல்லாம் ஸ்டுடியோவிலேயே கிடந்தன, அவர் இறந்த பிறகு வெண்கலத்தில் வார்த்தார்கள். எடை எங்கே இறங்குகிறது என்று கையால் தெரிந்துகொள்ளப் பிடித்தவை அவை.

நாமும் செய்யலாம். 2 மி.மீ. அலுமினியக் கம்பி ஒன்றரை மீட்டர், பிளாஸ்டிசின் கால் கிலோ. அரைமண்டி உருவம் 20 செ.மீ. உயரம் இருந்தால் ஏழில் ஒரு பங்கு அளவு, கணக்குப் போட வசதி. அடியில் பலகையில் ஆணி அடித்து நிறுத்தாதீர்கள், சும்மா மேஜைமேல் நிற்க வையுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை முன்னாலோ பின்னாலோ விழும். பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் முன்பின் தாங்குவதற்குப் பாதத்தின் அகலம் மட்டுமே இருக்கிறது. மார்பை ஒரு நூல் முன்னால் தள்ளினாலும் சரியும். முதுகுத்தண்டு நேராக, தலை அதற்குமேல், இடுப்பு குதிகாலுக்குமேல் வந்தால்தான் நிற்கும். ‘முதுகை நேரா வை’ என்று வகுப்பில் சொல்வதற்கான காரணம் அன்றைக்குப் புரியும். நின்றபின் மாடலைத் திருப்பித் திருப்பி, விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் காட்டி வரையலாம்.

கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கையைச் சிறிதாக வரைகிறார்கள். விரல்நுனி முதல் மணிக்கட்டு வரை உள்ள நீளம் மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை வரும். முத்திரையை முதலில் உறை போட்ட கைபோல் ஒரே கட்டியாக வரைந்து, மணிக்கட்டின் கோணம் சரியானபின் விரல் பிரியுங்கள். பதாகத்தில் விரல்கள் ஒட்டியிருக்கும், கட்டைவிரல் மடங்கியிருக்கும். திரிபதாகத்தில் மடங்குவது மோதிரவிரல். நடுவிரலை மடக்கி வரைந்த அழைப்பிதழ்கள் எத்தனை! கை போன வழியே கண் போக வேண்டும் என்பது வகுப்பில் முதல் பாடம். ஆகவே கண்மணியிலிருந்து உள்ளங்கைக்கு மெல்லிய நேர்கோடு ஒன்று இழுத்துச் சரிபார்த்துவிட்டு அழியுங்கள். கோடு கையைத் தொடவில்லையென்றால் அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

போன் கேமராவை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. டெகாவே 1890-களில் போட்டோ எடுத்தார், நாட்டியக்காரி ஒருத்தியின் கண்ணாடி நெகட்டிவ்களை வைத்துப் பேஸ்டல் (தூள் வண்ணக்குச்சி) படம் செய்தார். ஆனால் போனின் சாதாரண லென்ஸில் கிட்டே நின்று எடுத்தால் நீட்டிய கை பூதாகாரமாகவும் தலை எலுமிச்சம்பழமாகவும் வரும். ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமில், போனை ஆடுபவரின் தொப்புள் மட்டத்தில் பிடித்து எடுக்க வேண்டும். அப்போதும் அந்தப் படத்தை நகையின் வேலைப்பாட்டுக்கும் மடிப்புக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். எடைக்கு நியூஸ்பிரிண்ட் தாள்தான் சாட்சி.

உடை. பயிற்சிப் பருத்திச் சேலையில் ஆரம்பிப்பது உத்தமம். இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி, இடுப்பெலும்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டிக்கொடுக்கும். தைத்த பட்டு உடைக்கு வந்தால் முன்னால் விசிறி மடிப்பு இருக்கிறதே, அதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியாக ஏணிபோல் வரைந்தால் தகரக் கூரை ஆகிவிடும். விசிறி எங்கே தைத்துப் பிடித்திருக்கிறதோ அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடியுங்கள். எல்லா மடிப்பு விளிம்பும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். கீழ் ஜரிகைக் கரை முதலில் ஒரே வளைவு. அந்த வளைவின்மேல் பிறகு சின்னச் சின்ன முறிவு. அரைமண்டியில் விசிறி பாதி விரியும், முழுமண்டியில் முழுதும். நாட்டடவில் ஒரு கால் நீளும்போது ஒரு பக்கம் மட்டும் இழுபடும், அந்த இழுவைக் கோடு கால் எங்கே போகிறது என்பதைக் காலைவிடத் தெளிவாகச் சொல்லும். சலங்கையில் மணியை எண்ண வேண்டாம். இருண்ட பட்டை ஒன்று, அதில் ஒளி பட்ட ஐந்தாறு புள்ளி.

வீட்டில் கட்டும் வேலைக்கு டெகா நம்பியது ட்ரேசிங் பேப்பர். பிடித்த உருவத்தை ட்ரேஸ் செய்து, அதன்மேல் இன்னொரு தாள் வைத்துத் திருத்தி, மறுபடி ட்ரேஸ் செய்வார். ஒரே பெண் பத்துப் படத்தில் வருவாள். கரியில் வரைந்த தாளின்மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்தால் இடவல மாறிய நகல் கிடைக்கும், அதையும் செய்தார். நமக்கு அடவே இரு பக்கமும் வருவதால் இந்த உத்தி அச்சாகப் பொருந்தும். படம் பெரிதாகிவிட்டால் பக்கத்தில் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டார். அவருடைய பல பேஸ்டல்களில் அந்த ஒட்டு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே முதல் தாளிலேயே எல்லாம் அடங்க வேண்டும் என்று உருவத்தைக் குறுக்காதீர்கள்.

வண்ணத்துக்குப் பேஸ்டல். சாம்பல் அல்லது வெளிறிய பழுப்புக் காகிதம், குறைந்தது 160 ஜிஎஸ்எம், கொஞ்சம் சொரசொரப்பு இருக்க வேண்டும். கையால் செய்த காகிதம் என்றால் ஓரத்தில் விரலால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள், நார் எழும்பினால் அது ஆகாது. டெகா பேஸ்டலைத் தடவிக் கலக்காமல் கோடு கோடாக அடுக்கினார், கீழ் நிறம் இடுக்கில் தெரியும்படி. நம் பட்டு தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். துணி திரும்பும் இடத்தில் ஒன்று மேலோங்கும், மற்றது அடங்கும். ஆகவே நீலத்தையும் பச்சையையும் கலந்து ஒரு நிறம் தயாரிக்காதீர்கள். மடிப்பின் ஒரு சரிவில் நீலக்கோடு நெருக்கமாக, பச்சை இடைவிட்டு, மறுசரிவில் மாற்றி. ஜரிகைக்குத் தங்கக் கலர் வேண்டவே வேண்டாம், ஒரு கோணத்தில் மின்னி இன்னொரு கோணத்தில் சேறாகத் தெரியும். மஞ்சட்காவி, அடர்பழுப்பு, கடைசியில் எலுமிச்சை மஞ்சளில் ஓர் இழுப்பு. பெட்டியில் ‘ஸ்கின்’ என்று போட்டு வரும் ரோஸ் குச்சி நம் ஊர்த் தோல் எதற்கும் ஒத்துவராது. செங்காவி, மஞ்சட்காவி, நிழலுக்கு ஊதா, வியர்வை மின்னலுக்கு வெளிர் நீலம். மேடை மேக்கப்பில் முகம் கழுத்தைவிட வெளுத்திருக்கும். அதை ஒளிக்காமல் அப்படியே வரையுங்கள், டெகாவும் கீழிருந்து அடிக்கும் விளக்கில் முகம் பச்சையாகத் தெரிந்தால் பச்சையாகவே போட்டவர்.

ஓர் அடுக்கு முடிந்ததும் தூளை ஒட்டவைக்கும் ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரே, 30 செ.மீ. தள்ளி, மெல்லிசாக இரண்டு தடவை. கிட்டே பிடித்து நனைத்தால் துளி விழுந்து வெளிர் நிறங்கள் கறுத்துவிடும். தலைமுடி ஸ்ப்ரே மலிவு என்று அடிப்பார்கள், நாள்பட மஞ்சளாகும். மூன்று நான்கு அடுக்குக்குமேல் காகிதத்தின் சொரசொரப்பு நிரம்பி, குச்சி வழுக்க ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். கடைசி அடுக்குக்கு ஃபிக்ஸேடிவ் அடிக்காதீர்கள்.

சபா இருட்டையும் விளக்கையும் பிடிக்க, தகட்டில் மையால் வரைந்து தாளில் ஒற்றி எடுக்கும் மோனோடைப் நல்லது. டெகா 1870-களின் நடுவில் இதில் இறங்கினார். 20×30 செ.மீ. அக்ரிலிக் தகடு, எண்ணெய் சேர்ந்த கறுப்பு அச்சு மை அரை டீஸ்பூன், ரோலரால் மெல்லிசாகப் பரப்பி, துணியாலும் விரலாலும் துடைத்து வெளிச்சத்தை எடுக்க வேண்டும். 120 ஜிஎஸ்எம் அளவில் பருத்திக் காகிதத்தைப் பத்து நிமிஷம் ஊறவைத்து ஒற்றி எடுத்து, தகட்டின்மேல் வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேயுங்கள். மை கூடினால் பிதுங்கி முகம் கரைந்துபோகும். தாள் காய்ந்திருந்தால் புள்ளி புள்ளியாக விடும். முதல் அச்சு எடுத்தபின் மீண்டும் ஒரு தாள் வைத்துத் தேய்த்தால் வெளிறிய இரண்டாம் அச்சு வரும். டெகா அதன்மேல்தான் அடிக்கடி பேஸ்டல் போட்டார். மை முழுதும் காய ஒரு வாரம் விடுங்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி பேஸ்டலைத் தொடக் கூடாது, 5 மி.மீ. இடைவெளிப் பட்டை கொடுக்கச் சொல்லுங்கள். எடை குறைவு என்று அக்ரிலிக் ஷீட் போட்டுவிடுவார்கள். அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கடற்கரை ஊர்களில் பூஞ்சை வெள்ளைப் புள்ளியாகப் பூக்கும், வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள்.

அதற்கு முன்னால் படத்தை அந்த வகுப்பு டீச்சரிடம் ஒருமுறை காட்டுங்கள். வண்ணத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். “முட்டி ஏன் முன்னால வருது? இந்தப் பொண்ணு அப்படிப் போட மாட்டாளே” என்பார். வீட்டுக்கு வந்து, உலர்ந்த பன்றிமுடி பிரஷால் அந்த முட்டியை மட்டும் உதறி எடுத்துவிட்டு அரைத் தலை வெளியே தள்ளிப் போடலாம். கடைசி அடுக்கை ஒட்டவைக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான்.